வாசற்படியில் மஞ்சள் ஐஸ்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு. பெறாமல் வளர்த்தது இரண்டு. இந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட என் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்ததில்லை. முருங்கையில் இருந்து விழுந்திருக்கிறார்கள், சைக்கிளில் இருந்து விழுந்திருக்கிறார்கள், ஒருவன் கோயில் கேணிக்குள்ளும் விழுந்தான். வாசற்படியில் விழுந்த முதல் ஆள் என் மருமகள் வசந்தி. அதுவும் கனடாவில், மல்வேர்னில், விடிவதற்கு முன்.

அந்தக் காலை இப்போதும் என் காதில் இருக்கிறது. முன் கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்து என் கணுக்காலைப் பிடித்தது. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. லொறியில் இருந்து மூட்டையொன்றை இறக்கிப் போட்டதுபோல.

நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். போய்ப் பார்த்தால் வசந்தி படியில் கிடக்கிறாள். சாப்பாட்டுப் பெட்டி திறந்து, புட்டு பனியில் சிதறியிருந்தது. வெள்ளையோடு வெள்ளையாகப் புட்டு தெரியவில்லை. சம்பல் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"மாமி, கையைத் தூக்கேலாமல் கிடக்கு," என்றாள்.

"எழும்பு பிள்ளை, பஸ் போயிடும்," என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த கனடா ஒழுங்கு அவ்வளவுதான். மனிதர் விழலாம், பஸ்ஸை விடக் கூடாது.

என் மகன் சிவநேசன் இரவு வேலையில் இருந்து இன்னும் வரவில்லை. பேத்தி தர்ஷிக்கு அப்போது பத்து வயது, மேலே நித்திரை. என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. டொரீன் வந்தாள். ஜமெய்க்கா நாட்டுக்காரி, வயோதிபர் இல்லத்தில் வேலை, அறுபதை நெருங்கிய வயது, என்னைப்போல் இரண்டு பேர் அகலம். தன் கழுத்துத் துணியைக் கழற்றி வசந்தியின் கையைக் கட்டினாள். தோளில் கைகொடுத்துத் தூக்கினாள். காரில் ஏற்றினாள். வேலைக்குப் போகப் புறப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இத்தனைக்கும் அவள் பேசியது நாலைந்து சொல் இருக்கும். எங்கள் ஆட்கள் என்றால் முதலில் எப்படி விழுந்தது என்று ஒரு மணி நேரம் விசாரித்திருப்போம்.

மணிக்கட்டில் எலும்பு உடைந்துவிட்டது. வலது கை. பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள்.

ஒரு சின்ன விளக்கம்

மேலே போவதற்கு முன் ஒன்று. சென்ற கிழமை இதே பத்திரிகையில் நான் லிஃப்ற் பற்றி எழுதியதற்கு, பார்க்டேலில் இருந்து ஒருவர் பத்திரிகைக்குப் போன் எடுத்து, கிழவி பொய் எழுதுகிறாள், லிஃப்ற் அப்படி நடுவில் நிற்காது என்றாராம். அவருடைய லிஃப்ற் நிற்காமல் ஓடட்டும். இந்தக் கிழமை வாசற்படி. அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம்.

இழவைச் சிரித்துக்கொண்டு சொல்பவன்

நான் கனடாவுக்கு வந்தது கோடையில். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்கை பிள்ளை உந்தப் பெரிய குளிர்?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ மாமி, வரும்," என்றாள் வசந்தி. யாரோ பெரியப்பா வருகிறார் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

வந்தது. வந்த பிறகுதான் இந்த ஊர் ஆட்களின் பக்தியைக் கண்டேன். காலையில் எழும்பினால் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, ரீவியில் வெதர் பார்க்கிறார்கள். கோட்டும் ரையும் கட்டிய ஒருவன் வந்து, இன்றைக்கு மைனஸ் பதினெட்டு என்று பல் தெரியச் சிரிக்கிறான். இழவு சொல்ல வந்தவன் சிரிப்பதை நான் இந்த நாட்டில்தான் பார்த்தேன்.

வெளியே போவதென்றால் கலியாணப் பெண்ணுக்கு உடுத்துவதுபோல் உடுத்த வேண்டும். சாறிக்கு மேல் சுவெற்றர், அதற்கு மேல் கோட், அதற்கு மேல் சால்வை, காலுக்கு இரண்டு சோடி சொக்ஸ், அதற்கு மேல் பூட்ஸ். எல்லாம் போட்டு முடிக்க, எங்கே போகப் புறப்பட்டேன் என்பது மறந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு நாள் அப்படியே பொழுது போயிருக்கிறது.

பஸ்ஸில் ஏறினால் முப்பது பேர் இருப்பார்கள். செத்த வீட்டில்கூட அதைவிடக் கூடுதல் சத்தம் இருக்கும். பக்கத்தில் இருப்பவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாதாம். வசந்தி எனக்கு முதலே சொல்லித் தந்துவிட்டாள். நான் ஒரு நாள் கேட்டேன். அந்த மனுசி எழும்பி வேறு சீற்றில் போய் இருந்தாள்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாய் முன்னால் ராசாவைப்போல் நடக்கும். மனிதர் பின்னால் கையில் ஒரு பையோடு நடப்பார். அது போகும், இவர் குனிந்து எடுப்பார், பையைக் கட்டுவார், திரும்பவும் நடப்பார்கள். யாரை யார் வளர்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

டொரீனிடமும் ஒரு நாய் இருந்தது. டியூக் என்று பெயர். கிழட்டு நாய், மூஞ்சி முழுக்க நரை. அதற்கு இரண்டு சட்டை. மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. என்னிடம் இருந்தது ஒரே கோட், அதுவும் யாரோ போட்டுக் கழித்தது.

எங்கள் இரண்டு வீட்டுக் கதவும் பக்கத்தில் பக்கத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள் அவை. இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரே படிதான். அந்த நாய் வெளியே போவதும் எங்கள் கதவைத் தாண்டித்தான். கதை விளங்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செம்புத் தண்ணீர்

நான் அறுபது வருடம் விடியற்காலையில் எழும்பி வாசலுக்குத் தண்ணீர் தெளித்தவள். பிரசவம் நடந்த நாட்களை விட்டால் ஒரு நாள் தவறியதில்லை. விமானத்தில் ஏறி இறங்கினால் கை அதை மறந்துவிடும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஒரு நாளும் வாசல் தெளிக்காதவர்கள்.

இங்கே சாணம் இல்லை. பாலுக்குக் குறைவே இல்லை, பை பையாகக் கடையில் கிடக்கிறது. மாட்டை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. கேட்டால் மாடு வடக்கே எங்கேயோ இருக்கிறதாம். சரி, மஞ்சள் இருக்கிறதே. ஒரு செம்புத் தண்ணீரில் அரைக் கரண்டி மஞ்சள் தூள். விடிய ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து மூன்று தரம் தெளித்தால் மனம் அடங்கும். கோடையில் அது வசந்தி எழும்புவதற்கு முன் காய்ந்துவிடும்.

இலையெல்லாம் கொட்டத் தொடங்கிய காலத்தில் அவள் கண்டுவிட்டாள்.

"மாமி, உந்த மஞ்சள் தண்ணி ஊத்திறதை நிப்பாட்டுங்கோ. சீமெந்து நிறம் மாறுது. வாடகை வீடு. மனேஜர் கண்டா ஏசுவான்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

அந்த வீட்டில் நான் ஓம் என்று சொன்னவை பல. அடுப்பைத் தொடாதேயுங்கோ, ஓம். போனை எடுக்காதேயுங்கோ, ஓம். ஆர் தட்டினாலும் கதவைத் திறக்காதேயுங்கோ, ஓம். எட்டுப் பேரை வளர்த்து, இரண்டு வீடு கட்டி, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் யோசனை சொன்னவள், ஒரு தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலையும் விட்டுவிட்டால் பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது? ஆகவே ஓம் என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் ஊற்றினேன்.

மார்கழிக் கடைசியில் சரியான குளிர் வந்தது. அன்று விடிய நான் கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் வெளியே நீட்டி, மூன்று தரம் தெளித்துவிட்டுச் சாத்திவிட்டேன். தண்ணீர் எங்கே விழுந்தது, விழுந்த பிறகு என்ன செய்தது என்று பார்க்கவில்லை. தண்ணீர் என்றால் விழும், ஊறும், காயும். என் வாழ்நாள் முழுக்க அது அப்படித்தான் நடந்துகொண்டது. இந்த ஊரில் தண்ணீருக்கும் வேறு பழக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வசந்தி வேலைக்குப் போகக் கதவைத் திறந்தாள். மிச்சத்தை மேலே எழுதிவிட்டேன்.

படித்தவனின் துப்பறிதல்

வெளிச்சம் வந்த பிறகு சிவநேசன் வேலையால் வந்தான். நடந்ததைக் கேட்டான். நேரே படியைப் பார்க்கப் போனான். நானும் பின்னால் போனேன்.

"இஞ்சை பாருங்கோ அம்மா, ஐஸ் மஞ்சளாய்க் கிடக்கு," என்றான். "உது நாயின்ரை வேலை. சலம் விட்டிருக்கு."

"நாயோ," என்றேன்.

"வேறை ஆர், நீங்களோ?"

நான் சால்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அவன் குனிந்து பார்த்தான், பூட்ஸால் தட்டிப் பார்த்தான், போட்டோவும் எடுத்தான். மோந்து மட்டும் பார்க்கவில்லை. ஒரு தரம் மோந்திருந்தால் அம்மாவின் குசினி வாசம் அடித்திருக்கும், நானும் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். படித்தவர்கள் எதையும் மோந்து பார்ப்பதில்லை.

சிவநேசன் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவன். இங்கே இரவில் பெட்டி அடுக்கினான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவானா? மேசையைத் துடைத்து, பேனாவை உதறி, அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினான். கனடாவுக்கு வந்த பிறகு அவன் சந்தோஷமாகச் செய்த முதல் வேலை அது.

வசந்திதான் இழுத்தாள். "அவ தானேயப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவ. அவவைப் போய் எப்பிடி?"

"நான் அவவை ஒண்டும் சொல்லேல்லை. நாயைத்தான் எழுதியிருக்கிறன்."

"நாய் வாசிக்குமோ?" என்றாள் வசந்தி. ஆனாலும் கை வலித்துக்கொண்டிருந்தது. யாரையாவது குற்றம் சொன்னால் வலி கொஞ்சம் குறையும். கடிதம் மனேஜரிடம் போனது.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் நிப்பாட்டச் சொல்லியும் மாமி நிப்பாட்டேல்லை, கள்ளமாக ஊற்றினா, என்ரை கையை முறிச்சா என்று ஒரு மருமகள் சொல்லும்படி ஆகிவிட்டால், பிறகு அந்த வீட்டில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? நாய்க்கு மதிப்புப் போனால் அது கவலைப்படாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளில் இருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினேன். படியில் மஞ்சள் இல்லை. சிவநேசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியளே அம்மா, கடிதம் போனவுடனை நாய் திருந்தியிட்டுது," என்றான்.

கச்சேரியில் அவன் எத்தனை பேருக்கு இப்படித் தீர்ப்பு எழுதினானோ.

அந்த நாட்களில் வசந்திக்குப் பிடித்ததாகவே சமைத்தேன். அடுப்பைத் தொடாதேயுங்கோ என்ற சட்டம் கை முறிந்ததோடு தானாகக் கழன்றுவிட்டது. கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், ஒடியல் மாக் கிடைத்த அன்று கூழ். பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் பிசைந்து கொடுத்தேன்.

"மாமிக்கு என்னிலை இவ்வளவு பட்சம் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது," என்று அவள் கண்கலங்கினாள்.

அந்தக் கறியில் புளி எவ்வளவு, குற்றம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. நான் இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

சூப்போடு வந்த கடதாசி

ஒரு கிழமை கழித்து டொரீன் ஒரு சட்டியில் சூப் கொண்டு வந்தாள். கோழியும் பூசணியும் போட்ட சூப். வசந்தியின் கையைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லி, திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு சோபாவில் அமர்ந்து, கோட்டுக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்தாள். மனேஜர் அனுப்பியது. யார் முறைப்பாடு செய்தது என்று அதில் இல்லை. இந்த வரிசையில் யாரோ என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தர்ஷி அதை வாசித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அப்பம்மா, டியூக்கை ரெண்டு கிழமைக்குள்ளை அனுப்போணுமாம். இல்லாட்டி அவவும் வீட்டை விடோணுமாம்."

"ஆருக்கும் குடுக்கேலாதோ எண்டு கேள்."

கேட்டாள். டொரீன் மெதுவாகச் சொன்னாள். தர்ஷி அதைவிட மெதுவாகச் சொன்னாள். "எல்லாரையும் கேட்டுப் பாத்தவவாம். கிழட்டு நாய் எண்டு ஒருத்தரும் எடுக்க மாட்டினமாம். அதுக்குக் கண்ணும் வடிவாய்த் தெரியாதாம். ஊசி போட்டுத்தான்..." என்று நிறுத்தினாள்.

"என்ன ஊசி?"

"நித்திரையாக்கிற ஊசி, அப்பம்மா. பிறகு எழும்பாது."

வசந்தி சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சிவநேசனைப் பார்த்தாள். சிவநேசன் ரீவியைப் பார்த்தான். ரீவிக்காரன் மைனஸ் பன்னிரண்டு என்று சிரித்தான்.

எனக்கு நாய் என்றால் ஆகாது. இப்போதும் ஆகாது. ஆனால் கண் தெரியாத ஒரு கிழட்டுச் சீவனை, அது ஊற்றாத தண்ணீருக்காக ஊசி போட்டு அனுப்பப் போகிறார்கள். ஊற்றியவள் சோபாவில் இருந்துகொண்டு சூப் குடிக்கிறாள். சூப் நல்லாகத்தான் இருந்தது.

உடனே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நீங்கள் எல்லாரும் செய்த பிழையை அன்றன்றே ஒப்புக்கொண்டவர்கள்தானே. எனக்கு இன்னும் இரண்டு கிழமை தேவைப்பட்டது.

எல்லாரும் பார்க்க

தவணை முடிகிற சனிக்கிழமை மனேஜர் வந்தார். உயர்ந்த ஆள், சிவந்த மூக்கு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. நாய் போய்விட்டதா என்று பார்க்க வந்திருந்தார். நாய் போகவில்லை. டொரீன் அதைப் பனிச் சட்டையோடு பிடித்துக்கொண்டு தன் கதவடியில் நின்றாள். அவளுடைய மூக்கும் சிவந்திருந்தது, குளிரால் இல்லை. எங்கள் பக்கம் சிவநேசன், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வசந்தி, நடுவில் தர்ஷி. மனேஜர் படியைக் காட்டி ஏதோ சொன்னார். சிவநேசன் தலையை ஆட்டினான். டொரீன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

நான் திரும்பிக் குசினிக்குள் போனேன். செம்பை எடுத்தேன். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று இப்போது எனக்குத் தெரியும். மஞ்சள் டப்பாவைத் திறந்து அரைக் கரண்டி போட்டேன்.

வெளியே வந்து, "தள்ளி நில்லுங்கோ," என்றேன்.

தமிழ் தெரியாதவர்களும் தள்ளி நின்றார்கள். மூன்று தரம் தெளித்தேன். வலம், இடம், நடு.

முதலில் கொஞ்சம் ஆவி வந்தது. தண்ணீர் பரவியது, நின்றது. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, படிக்கு மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிட்டது. நாய் கழுத்தை நீட்டி அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. இத்தனை பேரில் மோந்து பார்த்த முதல் ஆள் அதுதான்.

"அம்மா, என்ன செய்யிறியள்?" என்றான் சிவநேசன்.

"வேறை ஆர், நீங்களோ எண்டு கேட்டனி. ஓம், நான்தான்."

பிறகு பேத்தியிடம் சொன்னேன். "சொல்லு பிள்ளை. கோடையிலை இருந்து விடிய விடிய நான்தான் ஊத்தினது. அண்டைக்கும் நான்தான் ஊத்தினது. நாய் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லு."

தர்ஷி தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பாவைப் பாக்காதை. அந்த ஆளைப் பாத்துச் சொல்லு. குறைச்சுச் சொல்லாதை."

சொன்னாள். நல்லாகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் டொரீன் என்னைப் பார்த்தாள், பிறகு சிவநேசனைப் பார்த்தாள். எழுதியது யார் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பலமாகச் சாத்தவில்லை. பலமாகச் சாத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மனேஜர் ஏதோ கேட்டார். "ஏன் ஊத்தினதெண்டு கேக்கிறார், அப்பம்மா."

"வாசலுக்கு," என்றேன். அதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அவர் ஐஸைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், கையில் இருந்த கடதாசியை நாலாக மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். நாய் இருக்கலாமாம். கிழவி ஊற்றக் கூடாதாம்.

நாலு அடி தூரம்

வசந்தி படியைப் பார்த்தாள். தன் பிளாஸ்ரரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு தர்ஷி வழியாகத்தான் நடந்தது.

"தர்ஷி, அப்பம்மாட்டைச் சொல்லு, சாப்பாடு மேசையிலை கிடக்கு."

"தர்ஷி, அம்மாட்டைச் சொல்லு, கண்டனான் எண்டு."

எனக்கும் அவளுக்கும் இடையில் நாலு அடி. பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்றாள். கணவாய்க் கறி வைத்தேன். அவள் தொடவில்லை. அது என்ன கறி என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டதாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. கேட்ட மாமிமார் யாராவது ரொறொன்ரோவில் இருந்தால் பத்திரிகைக்குப் போன் எடுக்கலாம். பார்க்டேல்காரரும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

புதன்கிழமை எங்கள் கதவடியில் ஒரு பெரிய பை உப்பு இருந்தது. சமையல் உப்பு இல்லை, கல்லுக் கல்லான உப்பு. வழுக்காமல் இருக்க இந்த ஊரில் அதை வாசலில் எறிவார்கள், ஐஸ் கரைந்துவிடும். டொரீன் வைத்தது. கதவைத் தட்டவில்லை, சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பங்குனி ஆகியது. சிவநேசனைப் பார்த்துச் சிரிக்க இன்னும் ஒரு வருடம் ஆகியது.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கண் விழித்துவிட்டது. கண்ணுக்கு மனேஜரின் சட்டம் தெரியாது. செம்பைத் தொடவில்லை. குசினியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

மாடிப்படியிறங்கி வசந்தி வந்தாள். தலை விரித்தபடி, பிளாஸ்ரர் கை மார்போடு. என்னைப் பார்க்கவில்லை. ஒரு கோப்பையில் அந்தக் கல்லுப்பை அள்ளினாள். மஞ்சள் டப்பாவைக் கவட்டுக்குள் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினாள். நான் எழும்பினேன். "இருங்கோ," என்றாள். மஞ்சளை உப்பில் கொட்டி விரலால் கிளறினாள். கதவை ஒரு சாண் திறந்தாள்.

"இந்தாங்கோ மாமி. உதை எறியுங்கோ. உறையாது."

தர்ஷி மேலே நித்திரை. அந்தச் சொல் நேரே என்னிடம்தான் வந்தது.

ஒரு பிடி எடுத்து எறிந்தேன். கோப்பையை என்னிடம் தந்துவிட்டு அவளும் ஒரு பிடி எடுத்து எறிந்தாள், இடது கையால். வாசலுக்கு இடது கையால் எறியக் கூடாது பிள்ளை என்று வாய் வரை வந்துவிட்டது. வலது கை ஏன் பிளாஸ்ரருக்குள் இருக்கிறது என்பதும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டேன். உப்பு படியில் கறுமுறு என்று விழுந்தது.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மழைக் குளிருக்கு அவளுடைய மணிக்கட்டு இன்னும் நோகும். நோகுது என்று என்னிடம் சொல்ல மாட்டாள். சும்மா பிடித்து உருவிக்கொண்டு நிற்பாள். நான் எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அன்று கேட்காத மன்னிப்பைப் பிறகு கேட்பதற்கு ஒரு நாள் வரவில்லை. வாயால் வராதது கையால் வருமா என்றுதான் இந்தக் கிழமை இதை எழுதினேன். மூன்று நாள் எடுத்தது.

தர்ஷி, இஞ்சை வா. உதை ஒருக்கால் வாசி, கேப்பம். எழுத்துப் பிழையைப் பிறகு பாக்கலாம். உள்ளுக்கை போய் வாசிக்காதை, இதிலை இரு. கொஞ்சம் சத்தமாய் வாசி பிள்ளை. அம்மா குசினிக்குள்ளைதான் நிக்கிறா.